ஈர மண்ணின் சொந்தக்காரி: லூசியானா ஐரிஸின் கதை

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பேரனோ, ஐ.டி. வேலை பார்க்கும் மகளோ இருந்தால், இன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ஐரிஸ் டேட்டா என்றால் என்ன?" உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்படுவார்கள். டேட்டா சயின்ஸ் படிப்பவர்களில் பலர் ஆரம்பப் பாடமாகவே கையில் எடுக்கும் அட்டவணை அது. மூன்று இனப் பூக்கள், இனத்துக்கு 50, ஆக மொத்தம் 150 பூ. ஒவ்வொரு பூவுக்கும் நான்கு அளவுகள். 1936-ல் ஆர்.ஏ. ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் தம் கட்டுரை ஒன்றில் அதை வெளியிட்டார். (என்னைப் போல் பி.காம். படித்தவர்களுக்கு ஃபிஷர் என்றதும் விலைக் குறியீட்டெண்தான் நினைவுக்கு வரும். அந்த ஃபிஷர் அமெரிக்கரான இர்விங் ஃபிஷர், இவர் வேறு.)

கணக்குப் போட்டவர் ஃபிஷர் என்றாலும் பூக்களைத் திரட்டித் தந்தவர் எட்கர் ஆண்டர்சன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள மிசௌரி தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய தாவரவியலாளர். அவர் அளந்த மூன்று இனங்களும் வட அமெரிக்காவில் தாமாக வளர்பவை. மூன்றுமே ஈரப் புல்வெளி, ஏரிக்கரை, சதுப்பு என்று காலில் சேறு ஒட்டும் இடங்களை விரும்புபவை. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கும் அந்த 600 எண்களும் ஈர மண்ணிலிருந்து வந்தவை.

இதை நம் காலாண்டு மடலில் எழுதக் காரணம் உண்டு. சி பிளாக்குக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, நவம்பரில் பெய்த மழையின் ஈரம் பொங்கல் வரை காயாத ஒரு பள்ளமான மூலை இருப்பது உங்களுக்குத் தெரியும். அதை மேடாக்கிச் சிமென்ட் கல் பதிக்கலாமா என்பது அடுத்த பொதுக்குழுவில் பேச்சுக்கு வருகிறது. ஈரமான நிலம் என்றாலே வீணான நிலம் என்று நாம் எல்லோரும் பழகிவிட்டோம். அப்படியே நினைத்த ஓர் ஊரும், அங்கே அழியவிருந்த ஒரு பூவைத் தோட்டத்தில் வைத்துக் காப்பாற்றிய சில மனிதர்களும் உலகின் அடுத்த பக்கத்தில் இருந்தார்கள். கூட்டத்துக்கு வருமுன் அந்தக் கதையையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

செடி எப்படி இருக்கும்?

நம் சமவெளியில் ஐரிஸ் காட்டுச் செடியாக வளர்வதில்லை. ஆனால் அதைக் கற்பனை செய்வது நமக்குக் கடினமில்லை. பிள்ளை பெற்ற வீடுகளில் கட்டாயம் இருக்கும் வசம்பின் செடியைப் பார்த்திருக்கிறீர்களா? வாள் போன்ற நீண்ட இலைகள் விசிறி மாதிரி கிழங்கிலிருந்து கிளம்பி நிற்கும். ஐரிஸின் இலையும் ஏறக்குறைய அப்படித்தான். ஐரோப்பாவின் மஞ்சள் ஐரிஸுக்கு வைத்த தாவரவியல் பெயருக்கே 'பொய் வசம்பு' என்றுதான் பொருள். ஆனால் உறவு வேறு. ஐரிஸின் குடும்பத்தைச் சேர்ந்தவை நாம் பாலில் போடும் குங்குமப்பூவும், மேடை அலங்காரத்தில் வைக்கும் கிளாடியோலஸும்.

பூவின் அமைப்பு எளிது. மூன்று இதழ்கள் கீழ்நோக்கி விரியும், மூன்று மேலே நிற்கும். ஐரிஸ் என்பது கிரேக்கர்களின் வானவில் தெய்வத்தின் பெயர். அத்தனை நிறங்களில் இந்தப் பூ உண்டு.

படங்களில் நாம் அதிகம் பார்ப்பது தாடி ஐரிஸ் என்னும் வகை. அதற்குக் காய்ந்த மண் வேண்டும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். நம் கதாநாயகி அதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் தென்கோடியில், மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் லூசியானா மாநிலத்தின் சதுப்பில் பிறந்தவள். அவளுடைய விதை கூடத் தக்கை போல மிதக்கும். காய் முற்றி வெடித்ததும் விதை தண்ணீரில் விழும், வெள்ளம் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே முளைக்கும். தண்ணீரை நம்பியே குடும்பம் நடத்தும் செடி.

ரயில் ஜன்னலில் தெரிந்த நீலம்

இந்தப் பூவை வெளியுலகம் அறிந்தது மெதுவாகத்தான். செம்பு நிறத்தில் பூக்கும் இனத்துக்கு 1812-லேயே தாவரவியல் பெயர் வைத்துவிட்டார்கள். பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1821-ல் லூசியானாவில் தங்கிப் படங்கள் வரைந்தார். ஒரு சின்னஞ்சிறு கதிர்க்குருவியை அவர் இந்தச் செம்பு நிற ஐரிஸின் மேல் உட்கார வைத்திருக்கிறார். அதன் பிறகு சுமார் நூறு வருடம் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு அது வசந்தத்தில் வழியோரம் பூக்கும் பூ, அவ்வளவே.

1925-ல் நியூயார்க் தாவரவியல் பூங்காவின் ஜான் கங்கல் ஸ்மால் அந்த வழியாக ரயிலில் போனார். நியூ ஆர்லியன்ஸ் நகரை நெருங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தால் இரு பக்கமும் சதுப்பு நிலம் நிறைய நீலம், ஊதா, சிவப்பு. தென்கிழக்கு அமெரிக்காவின் செடிகொடிகளைக் கரைத்துக் குடித்த மனிதர். அவருக்கே இது புதிது. அடுத்தடுத்த வருடங்களில் திரும்பத் திரும்ப வந்தார். கிழங்குகளை நியூயார்க்குக்கு அனுப்பி வளர்த்துப் பார்த்தார். வேறாகத் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் ஓர் இனப் பெயர் கொடுத்தார். அவரும் அவருடன் பணியாற்றிய அலெக்சாண்டரும் சேர்ந்து வைத்த பெயர்கள் சுமார் 80.

பெயர்ப் பட்டியலைப் பார்த்துத் தோட்டக்காரர்கள் மகிழ்ந்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் இயற்கையியலாளர் பெர்சி வியோஸ்கா மகிழவில்லை. ஊர்க்காரர் ஆனதால் எந்தச் செடி எந்தச் சேற்றில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். 1935-ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: உண்மையான இனங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும், மற்றதெல்லாம் அவை ஒன்றோடொன்று கலந்து பெற்ற பிள்ளைகள்.

வங்கிக்காரன் மொழியில் சொல்கிறேன். ஒரே வாடிக்கையாளர் நான்கு விதமாகக் கையெழுத்துப் போட்டால் ஸ்மால் நான்கு கணக்கு திறந்தார். வியோஸ்கா உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துக் கணக்குகளை இணைத்தார். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் வியோஸ்கா பக்கமே நின்றார்கள். ஆனால் ஸ்மாலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அத்தனை பெயர் வைத்துச் சத்தம் போட்டிராவிட்டால் அந்தச் சதுப்பின் பக்கம் யார் திரும்பியிருப்பார்கள்?

வேலியோடு நின்ற பூக்கள்

இனங்கள் ஏன் கலந்தன என்பது சுவையான விஷயம். செம்பு நிற ஐரிஸுக்கு ஆற்றோரத்துக் களிமண்ணும் கொஞ்சம் நிழலும் வேண்டும். ஆளுயரம் வளரும் பெரிய நீல ஐரிஸுக்குத் திறந்த வெயிலும் எப்போதும் நனைந்த சேறும் வேண்டும். சிவப்புக்கு வரும் விருந்தாளி ஹம்மிங்பேர்டு என்ற தேன்குடிக்கும் குட்டிப் பறவை. நீலத்துக்கு வருவது பெரிய வண்டுத்தேனீ. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள் மாதிரி தனித்தனியாக வாழ்ந்தன.

பிறகு மனிதர்கள் காட்டை வெட்டினார்கள், வாய்க்கால் தோண்டினார்கள், மாடு மேய்த்தார்கள். முழு நிழலும் இல்லாத முழு வெயிலும் இல்லாத, முழுச் சேறும் இல்லாத முழு வறட்சியும் இல்லாத இரண்டுங்கெட்டான் இடங்கள் உருவாயின. கலப்புப் பிள்ளைகள் அங்கேதான் பிழைத்தன. ஹெர்பர்ட் ரைலி 1938-ல் இந்தக் கலப்பினக் கூட்டங்களை அளந்து ஆராய்ந்தார். அந்தப் பகுதியில் பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி பாகம் பிரித்த நிலங்கள் ஆற்றிலிருந்து நீள நீளமான பட்டைகளாக இருக்கும். ஒருவர் நிலத்தில் கலப்பினப் பூக்கள் மண்டிக் கிடக்கும், வேலி வந்ததும் சட்டென்று நின்றுவிடும். மண் அதே மண். அதன் மேல் மனிதன் நடந்துகொண்ட விதம்தான் வேறு.

நாம் ஆரம்பத்தில் சந்தித்த அதே எட்கர் ஆண்டர்சன் இந்த வேலிக் காட்சியைத் தம் ஆராய்ச்சிக்கு முக்கியச் சான்றாக எடுத்துக்கொண்டார். இனங்கள் கலப்பதற்கு முன் அவை வாழும் இடம் கலைக்கப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. 1949-ல் அவர் இதைப் பற்றி எழுதிய புத்தகம் தாவரவியலில் இன்றும் பேசப்படுகிறது.

தண்ணீரை விரட்டிய ஊர்

இனி கதையின் கசப்பான பகுதி. நியூ ஆர்லியன்ஸை 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவியபோது ஆற்றோரத்து மேட்டில் மட்டும்தான் வீடு கட்டினார்கள். பின்பக்கம் முழுவதும் சதுப்பு, ஐரிஸ்களின் ராஜ்யம். 1890-களில் திட்டமிட்ட வடிகால் வேலை தொடங்கியது. 1913-ல் ஆல்பர்ட் பால்ட்வின் வுட் என்ற உள்ளூர்ப் பொறியாளர் மிகப் பெரிய திருகு பம்பு ஒன்றை வடிவமைத்தார். அபாரமான இயந்திரம், நூறு வருடம் கடந்தும் அவற்றில் சில ஓடின. சதுப்பு வற்றியது. காலரா, மஞ்சள் காய்ச்சலில் மடிந்த ஊருக்கு அது பெரிய விடுதலை என்பதையும் மறக்கக் கூடாது. வற்றிய இடத்தில் தெருக்கள் வந்தன, வீடுகள் வந்தன. ஐரிஸ் போயிற்று.

ஆனால் சதுப்பு மண் சாதாரண மண் அல்ல. ஆயிரக்கணக்கான வருடமாக இலை தழை மக்கி, தண்ணீரை உறிஞ்சி உப்பி நிற்கும் பஞ்சு. தண்ணீரை எடுத்தால் அது சுருங்கும், காற்றுப் பட்டு மேலும் மக்கிக் கரையும், நிலம் தாழும். நிலம் தாழ்ந்தால் மழை நீர் அதிகமாகத் தேங்கும். தேங்கினால் இன்னும் பம்பு செய்ய வேண்டும். பம்பு செய்தால் நிலம் இன்னும் தாழும். வட்டிக்கு வட்டி போடும் கடன் மாதிரி இது. இன்று அந்த நகரின் ஏறக்குறைய பாதி, கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரீனா புயல் வந்து கரைச் சுவர்கள் உடைந்தபோது நகரின் சுமார் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. பல இடங்களில் வாரக் கணக்கில் தண்ணீர் வடியவில்லை.

நகருக்கு வெளியிலும் அதே கதை. ஆற்றுக்கு இரு பக்கமும் உயர்ந்த கரை கட்டியதால் வண்டல் சதுப்புக்குப் போய்ச் சேரவில்லை. எண்ணெய், எரிவாயு எடுக்கவும் கப்பல் போகவும் தோண்டிய கால்வாய்கள் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே ஏறியது. நன்னீரில் வாழும் செடிகள் செத்தன. செடி போனதும் அதன் வேர் பிடித்து வைத்திருந்த மண்ணும் கரைந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்குப்படி 1932-க்கும் 2016-க்கும் இடையில் லூசியானாக் கடலோரம் இழந்த நிலம் சுமார் 4,833 சதுர கிலோமீட்டர். நம் பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். பதினோரு சென்னை தண்ணீருக்குள் போனது போல.

கிழங்கைக் கையில் எடுத்தவர்கள்

சதுப்பு வற்றுவதைச் சில பேர் வேறு கண்ணோடு பார்த்தார்கள். அரசாங்கத்தையும் பம்பையும் அவர்களால் நிறுத்த முடியாது. ஆனால் நிரப்பப்படப் போகும் பள்ளத்திலிருந்து நான்கு கிழங்கைத் தோண்டி எடுக்க முடியும்.

லஃபாயெட் நகரைச் சேர்ந்த மேரி ஸ்வோர்ட்ஸ் டிபயோன் என்ற அம்மையார் அப்படித் தோண்டியவர்களில் முதன்மையானவர். சதுப்பில் இறங்கி, நிறம் நிறமாகத் தேடிச் சேகரித்துத் தம் தோட்டத்தில் நட்டார். 1940-ல் அவர் மறைந்தபோது அவருடைய ஐரிஸ் தொகுப்பு, தோழி கரோலின் டோர்மனிடம் வந்து சேர்ந்தது.

டோர்மன் (1888–1971) பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். வனத்துறை வேலையில் பெண்களைக் காண்பதே அரிதாக இருந்த காலத்தில் லூசியானா வனத்துறையில் பணியாற்றினார். அங்கே மிச்சமிருந்த பைன் காடுகளைக் காக்க அவர் விடாமல் அலைந்ததன் பலன்தான் 1930-ல் அமைந்த கிசாச்சி தேசிய வனம். ஓவியர், காட்டுப் பூக்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். அவருடைய 'பிரையர்வுட்' என்ற இடம் மாநிலத்தின் வடக்கே, பைன் மரங்கள் நிற்கும் மேட்டு நிலம். சதுப்புச் செடிக்கும் அந்த மணலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஈரம் தங்கும் தாழ்வான இடத்தைப் பார்த்து, அங்கே சதுப்புத் தோட்டம் அமைத்து ஐரிஸ்களை வளர்த்தார். வளர்த்ததோடு நிற்காமல் புதிய ரகங்களையும் உருவாக்கினார். 'வீல்ஹார்ஸ்' என்ற அவருடைய ரகம் பிற்காலத்து ஒட்டுக் கலப்புகள் பலவற்றுக்குத் தாய்வீடு. அவருடைய பிரையர்வுட் இன்று அவர் பெயரிலேயே இயற்கைக் காப்பகமாக இருக்கிறது.

மூன்றாவது பெயர் டபிள்யூ.பி. மேக்மில்லன். 1930-களின் இறுதியில் அபிவில் என்ற சிற்றூருக்குத் தெற்கே உள்ள சதுப்பில் அவர் ஒரு புது மாதிரி ஐரிஸைக் கண்டார். செம்பு ஐரிஸின் சிவப்பு, நீல ஐரிஸின் உயரமும் பெரிய பூவும். 'அபிவில் சிவப்பு' என்று பெயர் பரவியது. உலகத்திலேயே அந்த ஒரு சின்னப் பகுதியில் மட்டும்தான் அது இருந்தது. லஃபாயெட் கல்லூரியின் தோட்டக்கலைப் பேராசிரியர் ஐரா நெல்சன் அதை அக்கறையோடு ஆராய்ந்தார். அவர் 1965-ல் காலமானார். அடுத்த வருடம், கார்னெல் பல்கலைக்கழகத்தின் எல்.எஃப். ராண்டால்ஃப் அதைத் தனி இனமாக அறிவித்து நெல்சனின் பெயரையே அதற்குச் சூட்டினார். மூன்று இனங்கள் கலந்து உருவாகி, பிறகு தனக்கென ஒரு வீட்டைத் தேடிக்கொண்ட இனம் அது என்பதை 1990-களில் மரபணு ஆய்வு உறுதி செய்தது. ஒரு சதுப்பை ஒரு மாதம் முந்தி நிரப்பியிருந்தால் அப்படி ஓர் இனம் இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.

1941-ல் இவர்களெல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். மறைந்த டிபயோன் அம்மையாரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பின்னர் அது லூசியானா ஐரிஸ் சங்கம் ஆயிற்று. அந்த வகை ஐரிஸ்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் உயர்ந்த பதக்கம் இன்றும் அவர் பெயரில்தான். ஆஸ்திரேலியா வரை அந்தச் செடிகள் பரவி, அங்கேயும் நூற்றுக்கணக்கில் ரகங்கள் உருவாகியிருக்கின்றன. 1990-ல் லூசியானா அரசு பெரிய நீல ஐரிஸை மாநிலக் காட்டுப் பூவாக அறிவித்தது. இன்றைக்கும் கட்டடம் வரப்போகிற, அல்லது கால்வாய் தூர்வாரப்போகிற இடங்களிலிருந்து தன்னார்வலர்கள் கிழங்குகளைத் தோண்டி எடுத்துப் பாதுகாப்பான சதுப்புகளில் நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விருந்தாளி வீட்டுக்காரன் ஆன கதை

எந்த அழகான நீர்ச் செடியையும் எங்கும் நடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அதே நியூ ஆர்லியன்ஸில் 1884-ல் ஒரு பெரிய பருத்திக் கண்காட்சி நடந்தது. அங்கே வந்தவர்களுக்கு அழகுக்காகக் கொடுக்கப்பட்ட தென் அமெரிக்கச் செடி ஒன்று ஆற்றிலும் கால்வாயிலும் பரவிப் படகுப் போக்குவரத்தையே நிறுத்தியது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது வேறு எதுவும் இல்லை, நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரைதான். அதைத் தின்னட்டும் என்று ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்குமதி செய்ய 1910-ல் லூசியானாவின் ராபர்ட் புரூசார்ட் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாவே கொண்டுவந்தார்! நல்லவேளை, நிறைவேறவில்லை.

நான் முன்பு சொன்ன ஐரோப்பிய மஞ்சள் ஐரிஸும் அப்படித்தான். அமெரிக்கத் தோட்டங்களுக்கு அழகுக்காகப் போனது. இன்று அங்குள்ள ஆறு, சதுப்புகளில் அடர்ந்து உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. ஒரே குடும்பத்துச் செடிதான். ஆனால் ஒன்று அந்த மண்ணோடு சேர்ந்து வளர்ந்தது, மற்றொன்று வந்து ஏறியது. ஈர நிலத் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது "இது எந்த ஊர்?" என்ற கேள்வி.

அங்கே எப்படி வளர்க்கிறார்கள்?

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ, ஆஸ்திரேலியாவிலோ பிள்ளைகள் வீடு வாங்கியிருக்கும் குடும்பங்கள் நம் குடியிருப்பில் பல. அவர்களுக்குப் பயன்படும் என்பதால் முறையைச் சுருக்கமாகத் தருகிறேன். மாதங்கள் அமெரிக்காவுக்குச் சொன்னவை. ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ்.

* கூரைத் தண்ணீர் விழும் இடம், ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடம், குளத்து ஓரம் ஆகியவை பொருத்தம். அரை நாளாவது வெயில் வேண்டும். நிழல் அதிகமானால் இலை மட்டும் வரும், பூ வராது.
* புளிப்புத் தன்மையுள்ள, இலை மக்கு நிறைந்த மண் வேண்டும். சுண்ணாம்பு ஆகாது. நல்ல சாப்பாட்டுக்காரி, இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் பூக்கும் முன் ஒரு முறையும் உரம் கேட்பாள்.
* நடும் காலம் ஆகஸ்ட், செப்டம்பர். கிழங்கை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் வைத்து, மேலே காய்ந்த இலை அல்லது பைன் ஊசிகளால் மூடாக்குப் போட வேண்டும். தாடி ஐரிஸ் மாதிரி கிழங்கை வெயிலுக்குக் காட்டினால் வெந்துவிடும்.
* தண்ணீர் தேங்கினாலும் பரவாயில்லை. பத்து பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் வரை தாங்கும். ஆனால் நடும்போதே மூழ்க விடக் கூடாது. வேர் பிடித்த பிறகு ஏறலாம்.
* கோடையில் இலை பழுத்துச் சோர்ந்தால் பயப்பட வேண்டாம், அது ஓய்வு. குளிர்காலத்தில் வளர்ந்து மார்ச், ஏப்ரலில் பூக்கும்.
* மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கூட்டத்தைப் பிரித்து நட வேண்டும். கிழங்கில் நச்சுத் தன்மை உண்டு. பிள்ளைகளும் நாயும் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
* காட்டிலிருந்து தாமாகத் தோண்டி வரக் கூடாது. நாற்றுப் பண்ணையிலோ ஐரிஸ் சங்கத்தாரிடமோ வாங்குவதே முறை.

நம் மூலைக்கு வருவோம்

சி பிளாக் மூலையில் ஐரிஸ் நடச் சொல்கிறேனோ என்று நினைத்துவிடாதீர்கள். அது லூசியானாவின் சொந்தக்காரி. நம் மண்ணுக்கு அவளும் ஒரு விருந்தாளிதான். நம் ஈரத்துக்கு நம்மிடமே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வெட்டிவேர், வல்லாரை, நீர்ப்பிரமி, பொடுதலை, வசம்பு. பெயரைச் சொன்னாலே நம் பாட்டிமார் ஞாபகம் வரும். ஒவ்வொன்றும் ஈர மண்ணைப் பிடித்துக்கொள்ளும், நாலு வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் உதவும்.

கொசு வருமே என்பது நியாயமான கேள்வி. கொசு முட்டையிடுவது நாள்கணக்கில் தேங்கி நிற்கும் தண்ணீரில். ஈரமான மண்ணில் அல்ல. ஒன்றிரண்டு நாளில் நீர் உறிஞ்சப்படும்படி அடியில் ஜல்லியும் மணலும் போட்டு, மேலே செடி வைத்தால் அதுவே மழைநீர்த் தொட்டி வேலையும் செய்யும். சிமென்ட் கல் பதித்தால் அந்தத் தண்ணீர் மாயமாகிவிடாது. ஒரு அடி தள்ளி, வேறு ஒரு பிளாக்கின் லிப்ட் குழியிலோ கார் பார்க்கிங்கிலோ போய் நிற்கும். 2015 டிசம்பரைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஈரத்தை விரட்டியவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுக்கு நோயும் வெள்ளமும் தீர வேண்டியிருந்தது. தண்ணீர் போவதற்கு ஓரிடம் விட்டிருந்தால் அவர்கள் பேரப்பிள்ளைகளின் பாடு குறைந்திருக்கும். டோர்மன் அம்மையாரும் மற்றவர்களும் மலையைப் புரட்டவில்லை. ஈரமாக இருக்கும் ஒரு மூலையை ஈரமாகவே இருக்க விட்டார்கள், அதற்கு உரிய செடியை அங்கே வைத்தார்கள். அவ்வளவு செய்ததில் ஓர் இனமே பிழைத்தது.

முடிவு எடுக்க வேண்டியது பொதுக்குழு. என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அடுத்த நல்ல மழை பெய்த மறுநாள் காலை, குடையை எடுத்துக்கொண்டு அந்த மூலையை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது, மாலைக்குள் எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள். கல் பதிப்பதற்கான கொட்டேஷனோடு, பத்து வெட்டிவேர் நாற்றுக்கும் இரண்டு லோடு ஜல்லி, மணலுக்கும் என்ன செலவு என்ற கணக்கையும் எழுதிக்கொண்டு வருகிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.